கடைமடைக் கதை ஒன்றைச் செப்பனிட்ட பதிவு

கும்பகோணத்திலிருந்து நாங்கள் நால்வர் சேர்ந்து கொண்டுவரும் காலாண்டிதழுக்குச் சென்ற மாசி மாதம் வந்த ஒரு சிறுகதையை என்னென்ன செய்து அச்சுக்குக் கொடுத்தோம் என்பதை, நினைவு மங்குவதற்குள் எழுதி வைத்துவிட விரும்புகிறேன். எங்கள் இதழ் டெமி 1/8 அளவில் 64 பக்கம். பின்னட்டையில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்ற வரியோடு 300 பிரதிகள் அச்சாகும். கட்டுரையும் கவிதையும் எங்களுக்கு அவ்வளவு வேலை வைப்பதில்லை. ஒவ்வொரு இதழிலும் என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது சிறுகதைதான். அதிலும் முதன்முதலாக எழுதுகிறவரின் கதை என்றால் ஒரு மாதம் முழுவதும் அதிலேயே போய்விடும்.

இந்தக் கதையை எழுதியவர் முத்துப்பேட்டைப் பக்கம், ஆற்றுநீர் கடைசியாகப் போய்ச் சேரும் ஒரு கடைமடை ஊரைச் சேர்ந்த, நாற்பதைத் தாண்டிய பெண்மணி. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்ற தந்தையைப் பற்றிய கதை. மதகுக் கதவுகளை ஏற்றி இறக்குவதும், நீர்மட்டம் காட்டும் கேஜ் பார்த்து எழுதி வைப்பதும், இரவில் எவரும் கதவைத் திருட்டுத்தனமாகத் தூக்கிவிடாமல் காவல் இருப்பதும் லஸ்கரின் வேலை. ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம் ஆன பிறகும் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் அந்த மனிதருக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. படுத்த படுக்கையாகிவிட்ட நிலையில், வாய்க்கால் கரை ஓரத்து வீட்டுத் திண்ணையில் கிடந்தபடி, மதகில் விழும் தண்ணீரின் சத்தத்தை வைத்தே கதவு எத்தனை அடி தூக்கியிருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பதுதான் கதை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். இடையே 1988-ஆம் ஆண்டில், அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது, தந்தையோடு மதகுக்குப் போன ஒரு நாள் வருகிறது. அவ்வளவுதான் நிகழ்ச்சி.

முதல் தடை எழுத்துருவில் வந்தது. அவர் கையால் எழுதி, கடைத்தெருவில் ஒரு டிடிபி நிலையத்தில் கொடுத்துத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். அங்கே வானவில் எழுத்துருவில் அடித்திருந்ததால் என் கணினியில் திறந்தபோது வெறும் ரோமன் எழுத்துக் குப்பையாகத் தெரிந்தது. மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். மாற்றி தன் வேலையைச் சரியாகவே செய்தது என்றாலும், பழைய எழுத்துருக்களில் ஔகாரத்துக்கு வரும் பின்குறியும் ளகர எழுத்தும் ஒரே வடிவமாக இருந்ததால் ‘மௌனம்’ என்பது ‘மெளனம்’ என்றும், ‘பௌர்ணமி’ என்பது ‘பெளர்ணமி’ என்றும் வந்திருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் முன்னதில் இருப்பது ஓர் எழுத்து, பின்னதில் இருப்பது இரண்டு எழுத்து. தேடினால் அகப்படாது, வரி முறியும் இடத்தில் வந்தால் இரண்டாகப் பிளந்துகொண்டு நிற்கும்.

அவசரத்தில் ஒரு காரியம் செய்தேன். எகரக் கொம்புக்குப் பின்னால் ளகரம் வரும் இடங்களையெல்லாம் ஒரே ஆணையில் ஔகாரக் குறியாக மாற்றிவிட்டேன். மௌனமும் பௌர்ணமியும் சரியாகிவிட்டன. ஆனால் ஆற்றைப் பற்றிய கதையில் ‘வெள்ளம்’ எத்தனை முறை வரும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அத்தனையும் ‘வௌ்ளம்’ ஆகிவிட்டன. ‘வெளியே’ என்பது ‘வௌியே’ ஆயிற்று. வாய்க்காலில் சிறுவர்கள் பிடிக்கும் கெளுத்தி மீன் ‘கௌுத்தி’ ஆயிற்று. திரையில் சில எழுத்துருக்களில் இந்தப் பிழை லேசில் தெரியாது; செய்தித்தளங்களிலும் புத்தகங்களிலும் ‘வௌியீடு’ என்று நாம் அடிக்கடி காண்பதற்கு இதுதான் காரணம். நான்கு நாள் கழித்து, தாளில் எடுத்த பிரதியில் புள்ளி தனியாகத் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகே கண்டுபிடித்தேன். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். இப்போது இந்த வேலையைச் சொல் சொல்லாகத்தான் செய்கிறேன்: மெள, பெள, கெள, செள என்று தனித்தனியாகத் தேடி, ஒவ்வோர் இடத்திலும் நின்று, அது ஔகாரச் சொல்தானா அல்லது கெளுத்தியா என்று பார்த்து மாற்றுகிறேன். அதேபோல, துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ரகரத்தை அடித்திருப்பதையும் தேடுவது உண்டு. ‘மாடு’ என்று கண்ணுக்குத் தெரிவது கோப்பில் ‘மரடு’ என்று இருக்கும். இந்தக் கதையில் அப்படி ஆறு இடங்கள் இருந்தன.

எழுத்து ஒழுங்கானதும் கதையை மூன்று முறை படித்தேன். முதல் முறை கையில் பென்சில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நான் எனக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. குறி போட ஆரம்பித்துவிட்டால் கண் பிழையைத்தான் தேடும். கதை எங்கே என்னைப் பிடித்தது, எங்கே விட்டது என்பது தெரியாமல் போய்விடும். இரண்டாம் முறை வாய்விட்டுப் படித்தேன். மூச்சு தடுமாறிய இடங்களில் மட்டும் ஓரத்தில் ஒரு கோடு. மூன்றாம் முறைதான் குறிப்புகள் எழுதினேன். அவருக்குக் கணினி இல்லை. கைப்பேசியில் கோப்பைத் திறந்து ஓரக் குறிப்புகளைப் படிப்பது முடியாத காரியம். ஆகவே வலப்பக்கம் மூன்று அங்குல இடம் விட்டு அச்செடுத்து, பென்சிலால் எழுதித் தபாலில் அனுப்பினேன். அவர் பேனாவால் பதில் எழுதித் திருப்பி அனுப்புவார். இந்தத் தாள் மூன்று முறை போய் வந்தது. நடுவில் தொலைபேசிப் பேச்சுகள். வேகமான வழி அன்று; ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இருவர் கையெழுத்தும் ஒரே தாளில் இருப்பது பின்னால் எவ்வளவு உதவியது என்பதைச் சொல்கிறேன்.

விவரங்களைச் சரிபார்ப்பதில் எனக்குப் பாதி வெற்றிதான். கதையின் தொடக்கத்தில் ‘அந்த வருஷம் மே மாசமே தண்ணீர் விட்டுவிட்டார்கள்’ என்று இருந்தது. மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். அணையில் நீர் குறைவான ஆண்டுகளில் அது தள்ளிப்போகும், முன்னால் வருவது அபூர்வம். ஆகவே அந்த வரியின் கீழ்க் கோடிட்டு, ‘ஜூன்?’ என்று எழுதினேன். அவருடைய பதில் தாளில், ‘2022. மே 24 மேட்டூர். மே 27 கல்லணை. எங்கள் ஊருக்கு வந்த தேதியைக் காலண்டர் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்’ என்று இருந்தது. பழைய செய்தித்தாள்களைப் பார்த்தேன். அவர் எழுதிய இரண்டு தேதிகளும் சரி. வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் முன்கூட்டியே வந்த ஆண்டு என்பதால்தான் கிழவர் நம்ப மறுக்கிறார், சத்தத்தைக் கேட்ட பிறகே நம்புகிறார் என்ற நுட்பமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆனால் 1988-இல் நடக்கும் பகுதியில் இரண்டு பிழைகள் உண்மையாகவே இருந்தன. வயலில் ஆடுதுறை 43 நெல் நட்டிருப்பதாக எழுதியிருந்தார். அந்த ரகம் வந்தது 1998-இல். 1988-இல் குறுவைக்கு இருந்திருக்கக்கூடியது ஆடுதுறை 36. இரண்டும் ஏறக்குறைய 110 நாள் பயிர் என்பதால் கதையின் கால ஓட்டத்தில் எதுவும் மாறவில்லை. ஓர் எண்ணை மாற்றினால் போதுமானதாக இருந்தது. இன்னொன்று, தந்தைக்கு வரும் ஒரு கடிதத்தின் முகவரியில் ‘திருவாரூர் மாவட்டம்’ என்று இருந்தது. 1988-இல் அப்படி ஒரு மாவட்டம் கிடையாது. அந்த ஊர் அப்போது தஞ்சாவூர் மாவட்டம். 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போய், 1997-இல் திருவாரூர் மாவட்டத்துக்கு வந்தது. இதை ஓரத்தில் எழுதி அனுப்பியபோது அவர் பிழையைத் திருத்தியதோடு நிற்காமல், ‘குடியிருந்த வீட்டைவிட்டு நகராமலே அப்பா மூன்று மாவட்டங்களில் வாழ்ந்தார்’ என்று ஒரு புதிய வரியையும் சேர்த்து அனுப்பினார். கதையில் எனக்கு மிகவும் பிடித்த வரிகளில் அதுவும் ஒன்று. ஒரு கேள்வியைக் கேள்வியாகவே விட்டால் எழுதுகிறவர் அதற்கு எழுத்தாலேயே பதில் சொல்வார் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். நானே ‘தஞ்சாவூர்’ என்று திருத்திவிட்டிருந்தால் அந்த வரி பிறந்திருக்காது.

அடுத்தது நீளம். கதை 3,400 சொற்களுக்கு மேல் இருந்தது. எங்கள் பக்கத்தில் 200 சொற்கள் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால் 17 பக்கம். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம்; இதழ் அப்படி நான்கு ஃபாரங்கள். ஒரு பக்கம் கூடினாலும் இன்னொரு ஃபாரத்துக்குப் போகவேண்டும் அல்லது வேறு ஒருவருடைய படைப்பை எடுக்கவேண்டும். ஆகவே 14 பக்கத்துக்குள் கொண்டுவர முடியுமா என்று கேட்டு, எங்கே குறைக்கலாம் என்று நான் அடையாளமிட்டு அனுப்பினேன். நான் அடையாளமிட்டவற்றில் முதலாவது இந்தப் பத்தி:

‘கிரீஸ் டப்பாவுக்குள் இரண்டு விரலை விட்டு வழித்து எடுப்பார். திருகுத் தண்டின் மரை ஒவ்வொன்றிலும் கட்டைவிரலால் அழுத்தித் தடவிக்கொண்டே மேலேயிருந்து கீழே வருவார். கடைசி மரை முடிந்ததும் விரலில் மிச்சமிருப்பதைத் தன் குதிகால் வெடிப்பில் பூசிக்கொள்வார்.’

இதற்கு முன்னும் பின்னும் கதவு, தண்டு, கைப்பிடி, துரு என்று அரைப் பக்கத்துக்கு மேல் இருந்தது. ஓட்டத்தைத் தடுக்கும் தொழில் விவரம் என்று ஓரத்தில் எழுதினேன். தாள் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார். ‘சார், மத்ததை எல்லாம் எடுத்துக்கங்க. அந்தக் குதிகால் வரி போனா எங்கப்பாவே போயிடுவாரு’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேண்டிக் கேட்பதுபோல இருந்தது. தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பப் படித்தேன். மூன்றாம் வாசிப்பில் நான் குறிப்பெழுதும் அவசரத்தில் இருந்திருக்கிறேன். முதல் வாசிப்பில் இதே இடத்தில் ஒரு நிமிடம் நின்றேன் என்பது நினைவுக்கு வந்தது. அரசாங்க கிரீஸைத் தன் உடம்பில் பூசிக்கொள்ளும் மனிதர், தன் காலையும் மதகின் ஓர் உறுப்பாகவே பராமரிக்கிறார். அதை எழுத்தாளர் எங்கும் விளக்கவில்லை. செய்கையை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

ஆனால் அதே கதையில் நான்கு பக்கம் தள்ளி, ‘அப்பாவுக்கு அந்த மதகுதான் உயிர். மதகு இல்லாமல் அவர் இல்லை, அவர் இல்லாமல் மதகு இல்லை. தண்ணீரும் அவரும் வேறு வேறல்ல என்பதை அன்று நான் உணர்ந்தேன்’ என்று ஒரு பத்தி இருந்தது. குதிகால் வரி ஏற்கெனவே செய்து முடித்துவிட்ட வேலையை இது மறுபடி, பலவீனமாகச் செய்கிறது. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு தாளில் எழுதி அனுப்பி, இரண்டில் எது நம் இதழுக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவரே இரண்டாவதை அடித்தார். அடித்ததோடு, கதை முழுக்கத் தேடி, ‘உணர்ந்தேன்’, ‘புரிந்துகொண்டேன்’, ‘தோன்றியது’ என்று முடியும் பத்திகளில் ஏழெட்டைத் தாமே எடுத்துவிட்டார். பிறகு வந்த பிரதியில் 2,750 சொற்கள் இருந்தன. வெட்டப்பட வேண்டியவை விளக்கங்கள்தான், கையும் காலும் செய்யும் வேலை அன்று என்று அந்த வாரத்தில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டேன். அதற்கு முந்தைய இதழ்களில் எத்தனை கிரீஸ் டப்பாக்களை வெளியே எறிந்தேனோ என்று இப்போதும் மனம் வருந்துகிறது.

பேச்சு வழக்கில் ஒரு சிக்கல் வந்தது. எங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கும் நண்பர் கொங்கு நாட்டுக்காரர். இலக்கணத்தில் வலுவானவர், ஒற்றுப்பிழை அவர் கண்ணில் படாமல் தப்பாது. கதையில் கிழவர், ‘தண்ணி வந்துட்டு’ என்கிறார். நண்பர் அதை முடியாத வாக்கியம் என்று எடுத்துக்கொண்டு, ‘தண்ணி வந்துடுச்சு’ என்று பதினொரு இடங்களில் மாற்றிவிட்டார். தஞ்சைப் பக்கத்துப் பேச்சில் ‘வந்துட்டு’ என்றால் வந்துவிட்டது என்று பொருள்; ‘நேரம் ஆயிட்டு’, ‘மழை பேஞ்சுட்டு’ என்பதெல்லாம் முற்றுப்புள்ளி வைக்கத்தக்க முழு வாக்கியங்கள். அதேபோல ‘சட்ரஸ்’ என்பதை அவர் ‘ஷட்டர்’ என்று திருத்தியிருந்தார். எங்கள் பக்கம் சட்ரஸ் என்றால் ஆற்றின் குறுக்கே கதவுகளும் மேல்நடையுமாக நிற்கும் கட்டுமானம் முழுவதும். ஷட்டர் என்பது அதில் ஏறி இறங்கும் ஒற்றைக் கதவு. ‘அப்பா சட்ரஸில் படுத்திருந்தார்’ என்ற வரி ‘அப்பா ஷட்டரில் படுத்திருந்தார்’ என்று ஆனால் பொருளே கெட்டுவிடும். எல்லாவற்றையும் பழையபடி வைத்து, இனி ஒவ்வொரு கதைக்கும் வழக்குச் சொற்களின் பட்டியல் ஒன்றை எழுத்தாளரிடமே வாங்கி மெய்ப்பாளருக்கு முதலில் கொடுப்பது என்று முடிவு செய்தோம். உரையாடலில் ஒற்று போடுவதா என்ற கேள்விக்கு, காதில் விழுந்தால் போடுவது என்பதே எங்கள் வழக்கம். ‘ஆத்துக்குப் போனாரு’ என்பதில் பகரம் காதில் விழுகிறது, ஆகவே எழுத்திலும் இருக்கட்டும்.

இனி, கடைசி வரிகள். கையெழுத்துப் பிரதியில் கதை இப்படி முடிந்தது: ‘புதிதாக வந்த லஸ்கர் கதவை இறக்கினார். மதகுப் பக்கமிருந்து வந்த சத்தம் மெலிந்தது. அப்பா கண்ணை மூடியிருந்தார்.’ எனக்கு ‘மெலிந்தது’ என்ற சொல் போதவில்லை என்று பட்டது. அத்தனை பக்கங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்த வாசகருக்கு ஒரு நிறுத்தம் வேண்டாமா என்று எண்ணி, ‘சத்தம் நின்றது’ என்று மாற்றினேன். தொலைபேசியில் படித்துக் காட்டி, இப்படி இருந்தால் இன்னும் அழகாக இருக்கிறது என்றும் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, ‘சரி சார், உங்களுக்குத் தெரியாததா’ என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தாளில் ‘ஒப்புதல்’ என்று நானே எழுதினேன்.

பக்க வடிவமைப்பில் அதிகச் சிரமம் இல்லை. இன்டிசைனில் பத்தியமைப்பை ‘வேர்ல்டு ரெடி’ தேர்வுக்கு மாற்றாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும் என்பது தமிழில் பக்கம் அமைப்பவர்கள் அறிந்ததுதான். வரி முறியும் இடங்களைத்தான் கண்ணால் பார்த்துச் சரிசெய்யவேண்டும். ‘பார்த்தான்’ என்ற சொல் ‘பா’ என்ற எழுத்தோடு வரி முடிந்து, அடுத்த வரி ‘ர்த்தான்’ என்று தொடங்கக் கூடாது. புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் நின்றால் படிக்கிறவர் அங்கே தடுக்கி விழுவார். கடைசி மெய்ப்பை இருவராக உட்கார்ந்து பார்த்தோம். ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் அச்சுப் பிரதியில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தார். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி முன்னோக்கி வந்தோம். கதையின் முதல் பக்கங்களையே எல்லோரும் கவனமாகப் பார்ப்பதால் பிழைகள் பெரும்பாலும் கடைசியில்தான் தங்கிக் கிடக்கின்றன. கதை 29-ஆம் பக்கம் தொடங்கி 42-இல் முடிந்தது. அச்சகத்துக்குப் போய், கதை வரும் ஃபாரங்கள் ஓடும்போது ஈரம் காயாத தாளில் ‘வெள்ளம்’ எல்லாம் வெள்ளமாகவே இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன்.

பிரதிகளைச் சேர்ப்பிப்பதும் ஆசிரியர் வேலைதான் என்று நினைக்கிறேன். 180 பிரதிகள் சந்தாதாரர்களுக்குத் தபாலில் போயின. மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் கட்டுகளைப் பேருந்தில் கொடுத்தனுப்பி அங்குள்ள நண்பர்கள் வாங்கிக்கொண்டார்கள். எழுத்தாளருக்கு வழக்கமாக ஐந்து பிரதிகள் கொடுப்போம். அவர் தந்தையோடு வேலை பார்த்தவர்களுக்கென்று இன்னும் ஐந்து கேட்டு வாங்கிக்கொண்டார். கைப்பேசியில் படிப்பவர்களுக்கு அச்சுப் பக்கத்தை அப்படியே பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால், விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி இடமும் வலமும் இழுத்துப் படிக்கவேண்டி வரும். இரண்டாம் பக்கத்திலேயே விட்டுவிடுவார்கள். ஆகவே கைப்பேசித் திரையின் அளவுக்கே பக்கத்தைக் குறுக்கி, எழுத்தை 16 புள்ளிக்கு ஏற்றி, தனியாக ஒரு கோப்பு செய்து வாட்ஸ்ஆப்பில் பகிர்ந்தோம். எழுத்தாளரின் ஊரில் ஒரு மாலை நேரம், கூட்டுறவுச் சங்கத்துத் திண்ணையில் முப்பது பேருக்கு முன்னால் கதையை அவரே படித்தார். வயதானவர்கள் பலருக்கு அச்சுப் பிரதியைவிட அதுதான் கதை போய்ச் சேர்ந்த வழி. குதிகால் வரி வந்தபோது கூட்டத்தில் ஒருவர் தம் காலைப் பார்த்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெரியவர் அழைத்தார். முப்பது வருடத்துக்கு மேல் லஸ்கராக இருந்தவராம். பேரன் கைப்பேசியில் கதையைப் படித்துக் காட்டியிருக்கிறான்.

‘தம்பி, எல்லாம் சரியாத்தான் இருக்குது. அந்த கிரீஸ் சங்கதி, நாங்க எல்லாரும் செஞ்சதுதான். ஆனா கடைசில சத்தம் நின்னுட்டுன்னு போட்டிருக்கீங்களே, அது எப்புடி நிக்கும்? கதவை முழுசா எறக்கினாலும் அடியில குச்சியும் சேறும் கெடக்கும். இடுக்கு வழியா தண்ணி சீறிக்கிட்டேதான் இருக்கும். கொறையும். ஆத்துல தண்ணி உள்ள மட்டும் நிக்காது தம்பி. லஸ்கரு மவ இதை இப்புடி எழுதியிருக்க மாட்டாளே.’

பென்சில் தாள்களை எடுத்துப் பார்த்தேன். ‘மெலிந்தது’ என்பது அவர் கையெழுத்தில் இருந்தது. அதன்மேல் அடித்திருந்த கோடும், ‘நின்றது’ என்ற சொல்லும், பக்கத்தில் ‘ஒப்புதல்’ என்பதும் என் கையெழுத்தில் இருந்தன. எழுத்தாளரை அழைத்து, பெரியவர் சொன்னதைச் சொன்னேன்.

‘அதான் சார் மெலிஞ்சுதுன்னு எழுதினேன்’ என்றார். ‘சத்தம் நின்னுட்டுன்னா அப்பாவும் போயிட்டாருன்னு ஆயிடும். அன்னைக்கு அப்பா சாவல. தூங்கினாரு. ரெண்டு நாளா கேட்டுக்கிட்டே கெடந்தவரு, கதவை ஒழுங்கா எறக்குறான்னு தெரிஞ்சதும் தூங்கிட்டாரு.’

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘இதுதான் அழகா இருக்குன்னு சொன்னீங்களே சார், அப்புறம் நான் என்ன சொல்றது’ என்றார்.

அடுத்த இதழின் இரண்டாம் பக்கத்தில், கட்டம் கட்டி, ‘சென்ற இதழ், பக்கம் 42, கடைசி வரிக்கு முந்தைய வரியில் “நின்றது” என்பதை “மெலிந்தது” என்று படிக்கவும். எழுத்தாளர் எழுதியது “மெலிந்தது” என்பதே. மாற்றியது ஆசிரியர் குழு’ என்று போட்டோம். கைப்பேசிக் கோப்பைத் திருத்தி, முன்பு பகிர்ந்த குழுக்கள் அனைத்துக்கும் என்ன மாறியிருக்கிறது என்ற குறிப்போடு மறுபடி அனுப்பினேன். இப்போது ஒரு வரியை மாற்ற நினைத்தால், எது என்னுடையது என்று சொல்லாமல் இரண்டு வரிகளையும் தாளில் எழுதி அனுப்புகிறேன். தொலைபேசியில் படித்துக் காட்டிக் கேட்பதில்லை. ‘ஒப்புதல்’ என்பதை எழுத்தாளர்தான் தம் கையால் எழுதவேண்டும்.

விற்காமல் மீந்திருந்த 38 பிரதிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் 42-ஆம் பக்கத்தைத் திறந்து, அந்த ஒரு சொல்லைக் கறுப்பு மையால் அடித்து மேலே ‘மெலிந்தது’ என்று எழுதினேன்.